பழுதுப் பட்டியலில் பத்தொன்பது வரிகள்

உன் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் சாம்பிராணி மணந்தது. தூசிதான் மணக்கும் என்று மூக்கைச் சுருக்கிக்கொண்டு திறந்தேன். இருபத்து மூன்று நாளாக அதை உங்கள் வீட்டு ஹோலில், மாலை போட்ட உன் படத்துக்குக் கீழே வைத்திருந்தார்கள். காலையும் மாலையும் காட்டிய புகை உள்ளே போய் விசிறி இதழ்களில் பிசுபிசுவென்று படிந்திருக்கிறது. நான் துடைக்கவில்லை. துடைக்கத் துணி எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன்.

இதை இரசாயனவியல் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அடுத்த அறையில் அம்மா படுத்திருக்கிறார். திரையின் வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்கக் கதவடியில் துவாயைச் சுருட்டி வைத்திருக்கிறேன். மழை பெய்வது நல்லதாய்ப் போயிற்று, விசிறிச் சத்தம் கேளாது. காலை ஏழு மணிக்கு உன் அப்பா வருவார். அதற்கு முன் உன் பட்டியலிலிருந்து பத்தொன்பது வரிகளை நான் அழித்துவிடலாம். அழித்தால் ஒருவருக்கும் தெரியவராது. அழிக்காவிட்டால் நான் என்ன செய்தேன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்கு இதைச் சொல்வேன்?

அந்தப் பட்டியலை நீ தொடங்கிய நாள் நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட இரண்டு கணினிகளைக் கேட்டு வாங்கி, உங்கள் வெங்காயக் கொட்டிலில் வைத்து ஒன்றாக்கினோம். அதற்கு உயிர் வர நாலு கிழமை எடுத்தது. இயக்கும் பொத்தான் வேலை செய்யாததால் உள்ளே இரண்டு ஊசிகளைத் திருப்புளியால் தொட்டு இயக்கினோம். மழைக்காலத்தில் பீப், பீப் என்று கத்தி மறுத்துவிடும். நினைவகத் தகட்டைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்துப் போட்டால் எழும்பும். உள்ளே இருக்கும் சின்னப் பற்றரி செத்துப்போனதால் ஒவ்வொரு முறையும் பழைய வருடம் ஒன்றைக் காட்டும். "உதின்ரை திகதியை நம்பேலாது" என்று நீ கொட்டில் சுவரில் தொங்கிய தமிழ்க் கலண்டரைப் பார்த்து, மாதமும் நாளும் கையால் அடிப்பாய். திகதி, பொருள், குறை, செய்தது, முடிவு. ஐந்து நிரல்கள். அச்சுவேலியில் நம் ஒழுங்கை வீடுகளில் பழுதான அத்தனையும் அதில் இருக்கின்றன.

பின்வீட்டு அன்ரியின் சோற்றுக் குக்கரும் இருக்கிறது. அடித் தகட்டைக் கழற்றியதும் நான் அலறிக்கொண்டு எழும்பி ஓடினேன். நீ குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். அன்ரி எட்டிப் பார்த்து, "என்னடி பிள்ளையள், என்ன பழுது?" என்று கேட்டார்.

"பழுதில்லை அன்ரி, பொரியல்" என்றாய் நீ. பல்லி ஒன்று கருகி ஒட்டியிருந்தது. பட்டியலில் எழுதினாய்: குறை, பல்லி. செய்தது, அடக்கம். முடிவு, அன்ரி புதுக் குக்கர் வாங்கிவிட்டா.

ஒரு விசயத்தில் மட்டும் நீ விளையாடமாட்டாய். அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்ட எதையும் 'சரி' என்று எழுத விடமாட்டாய். "தானாய்ப் போன குறை தானாய்த் திரும்பி வரும்" என்பாய். காரணம் பிடிபடும் வரைக்கும் அந்தப் பொருளைத் திருப்பிக் கொடுக்கவும் மாட்டாய். சனங்கள் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போவார்கள். அப்படிப்பட்ட நீ, உன் காலில் மட்டும் அதை ஏன் பார்க்கவில்லை?

ஆனி மாதம். கொட்டில் வாசலில் இருந்து பாவாடையைக் கொஞ்சம் உயர்த்திக் கணுக்காலைப் பெருவிரலால் அமத்திக் காட்டினாய். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. இருவரும் அது மேலே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கன நேரம் எடுத்தது. காலையில் முகமும் வீங்குகிறது, சாப்பிட்டதும் சத்தியெடுக்கிறது என்றாய். உன் அம்மாவிடம், மாமியிடம் சொல்லு என்றேன்.

"ஒருத்தருக்கும் சொல்லாதையடி. அக்காவின்ரை கலியாணம் முடியட்டும். பொம்பிளை வீட்டிலை வருத்தம் எண்டு தெரிஞ்சால் லண்டன் மாப்பிளை பகுதி நிண்டிடும்."

என்னைச் சத்தியம் பண்ணச் சொன்னாய். நாங்கள் சத்தியம் பண்ணக்கூடாது, ஞாயிறு பாடசாலையில் சொல்லித் தந்திருக்கிறார்கள் என்றேன். "அப்ப எங்கடை சந்நிதியான்மேலை பண்ணு. அவர் உங்கடை சேர்ச்சிலை போய்ச் சொல்லமாட்டார்" என்றாய். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். சந்நிதி முருகன் கோயில் இருக்கும் தொண்டைமானாற்றுப் பக்கம் பஸ் போகும்போதெல்லாம் இப்போது தலையைக் குனிந்துகொள்கிறேன். என்னுடையதல்லாத கடவுளிடம் கொடுத்த வாக்கை மீறினால் யார் கோபிப்பார் என்று எனக்குத் தெரியாது. மீறாமல் விட்டதற்கு யார் கோபிப்பார் என்றும் தெரியாது.

ஆவணியில் கலியாணம் நடந்தது. நீ நிலம் தொடும் பாவாடை உடுத்து, கொலுசு போடாமல், மண்டபத்தின் பின்வரிசைக் கதிரையில் இருந்தாய். உன் முகம் பூரித்திருக்கிறது, அடுத்தது உனக்குத்தான் என்று சனங்கள் பகிடி விட்டார்கள். அது பூரிப்பு இல்லை என்று தெரிந்தவள் அந்த மண்டபத்தில் நான் ஒருத்திதான். தாலி கட்டி முடிந்துவிட்டது, இனிச் சொல்லு என்றேன். அக்காவுக்கு விசா வரட்டும் என்றாய்.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்குச் சத்தியம் மட்டும் காரணமில்லை. இதை இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதுகிறேன். இரண்டு மாதமாகத் தெரிந்துவைத்துக்கொண்டு ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பார்களே என்று பயந்தேன். ஒவ்வொரு நாள் போகப் போக அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டு வந்தது. கேள்வி பெரிதாக ஆக, நான் இன்னும் ஒரு நாள் பேசாமல் இருந்தேன்.

ஐப்பசியில் நீ கிணற்றடியில் விழுந்தாய். பெரியாஸ்பத்திரியில் ஐந்து நாள். சிறுநீரகம் இரண்டும் பழுது, கன நாளாக இருந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னதாக உன் அப்பா, மாமா, வந்து சொன்னார். வாட்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை, உமக்கு ஏதும் சொன்னவளோ? நோகுது, ஏலாது எண்டு?"

"இல்லை, மாமா."

அவ்வளவு வேகமாக நான் எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை. அவர் தலையாட்டினார். என்னை நம்பினார். அடுத்த நாள் விடிய நீ இல்லை.

நீ போன பிறகு உங்கள் வீட்டில் நடப்பது உனக்குத் தெரியாது. கன நாளாக இருந்த வருத்தம் எப்படி ஒருவர் கண்ணிலும் படாமல் போனது என்று மாமியால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. யாரோ செத்தவீட்டில் சொன்னார்களாம், நெடுகக் கணினிக்கு முன்னால் இருந்தால் அந்தச் சூடு உள்ளே இறங்கி ஈரலையும் சிறுநீரகத்தையும் எரித்துவிடும் என்று. மாமி அதைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள்தானே கொட்டிலைத் திறந்து குடுத்தனீங்கள். நீங்கள்தானே வயர் இழுத்துக் குடுத்தனீங்கள்" என்று மாமாவிடம் ஒரு தரம் சொன்னாராம். அதற்குப் பிறகு அவரோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுகிறார். மாமா கொட்டிலுக்கு வந்த வயரைத் தூணடியில் வைத்துக் கத்தியால் வெட்டிவிட்டார். கணினியை மட்டும், நீ தொட்ட பொருள் என்று, இருவரும் படத்தடியிலிருந்து எடுக்கவில்லை.

அந்த மாமாதான் இன்று பின்னேரம் கணினியைப் பசளைப் பையில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு மழைக்குள் வந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருபவர்களுக்குக் கொடுக்கக் கல்வெட்டு அடிக்கிறார்கள். அந்த நினைவுப் புத்தகத்தில் போட உன் படங்கள் வேண்டும். நாளைக்கு அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அதோடு இன்னொன்றும் கேட்டார். நீ கணினியில் எந்நேரமும் ஏதோ எழுதிக்கொண்டிருப்பாயாம். கவிதையோ, கதையோ, அதில் இரண்டு வரி போட்டால் உனக்குச் சந்தோசமாக இருக்குமாம்.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். மாமா குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார். அம்மா குசினிக்குப் போகும் வரை பொறுத்திருந்தார்.

"பிள்ளை, நீர் உதுகளைப் பற்றித் தெரிஞ்ச பிள்ளை. எனக்கு உண்மையைச் சொல்லும். உது ஆளைக் கொல்லுமோ?"

"இல்லை, மாமா. கொல்லாது."

"பின்னை என்னத்தாலை?"

நான் குனிந்து பசளைப் பையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினேன். அவர் காலமை ஏழு மணிக்கு வாறன் என்று சொல்லி இறங்கிப் போனார். நான் அவருக்கு ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பொய்யை நம்பியவர், இன்று சொன்ன உண்மையை நம்பவில்லை.

அம்மா படுத்த பிறகு இயக்கினேன். முதலில் பீப் அடித்து மறுத்தது. தகட்டைத் தேய்த்துப் போட்டேன், எழும்பியது. உன் கடவுச்சொல்லை என் விரல்கள் தாமாகவே அடித்தன. படங்களை எடுத்து வைத்துவிட்டுப் பட்டியலைத் திறந்தேன். கதை கவிதை ஒன்றும் இல்லை. நீ எந்நேரமும் எழுதியது இதுதான். பின்வீட்டுக் குக்கருக்கும் தபால்காரரின் ரேடியோவுக்கும் இடையில் அந்த வரி இருந்தது. பொருள் என்ற நிரலில் 'நான்' என்று எழுதியிருந்தாய்.

ஆனி 12. நான். கால் வீக்கம். உயர்த்தி வைத்துப் படுத்தது. காலையில் குறைவு.

'சரி' என்று எழுதவில்லை. 'குறைவு' என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரிந்த நீதான் அது. அதன் பிறகு ரேடியோ, மின்விசிறி, நான், ஒரு கைபேசி, நான், நான். பத்தொன்பது இடத்தில் நீ. சத்தி. தலையிடி. சிறுநீரில் நுரை. வரிக்கு வரி கணக்காக எழுதியிருக்கிறாய், ஒரு இடத்தில்கூடப் பயமாக இருக்கிறது என்று எழுதவில்லை. என்னைப் பற்றி நாலு இடத்தில் இருக்கிறது. மூன்றில், சொல்லச் சொல்லிக் கரைச்சல் தந்தாள் என்று இருக்கிறது. நாலாவது இது:

ஆடி 3. நான். படி ஏற மூச்சு வாங்குகிறது. அவளிடம் சொன்னேன். 'விசிறியிலை தூசி அடைச்சிருக்கும், ஊதிவிடு' என்றாள். சிரித்தோம்.

முடிவு என்ற நிரல் வெறுமையாக இருக்கிறது. அப்படி ஒரு பகிடி விட்டதே எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் அந்த நாள் வரவில்லை. ஆனால் அது என் பேச்சுத்தான். நான்தான் அப்படிக் கதைப்பேன்.

அழித்தேன். உன்னிடம் மறைக்க மாட்டேன். மேலிருந்து கீழாக, ஒவ்வொன்றாக, பத்தொன்பதையும் அழித்தேன். ஒவ்வொரு வரி போகும்போதும் கீழே இருந்த வரி மேலே ஏறி அந்த இடத்தை நிரப்பியது. முடிந்ததும் பார்த்தேன். குக்கருக்கு அடுத்தது ரேடியோ, ரேடியோவுக்கு அடுத்தது மின்விசிறி. எங்கும் ஒரு இடைவெளி இல்லை. உனக்கு ஒரு நாளும் ஒன்றும் நோகவில்லை. நீ ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கணினிக்கு முன்னால் இருந்ததால் திடீரென்று செத்துப்போனாய். உன் அப்பா வயர் இழுத்துக் கொடுத்ததால் செத்துப்போனாய். பட்டியல் அப்படித்தான் சொன்னது.

கோப்பைச் சேமிக்கவில்லை, மூடவுமில்லை. அழித்ததைத் திருப்பிக் கொண்டுவரும் விசைகளை அமத்தினேன். ஒரு அமத்தலுக்கு ஒரு வரி. கடைசியாக அழித்தது முதலில் வந்தது: மயக்கம், ஐப்பசி. பிறகு புரட்டாதி. பிறகு ஆவணி, கலியாணத்தன்று நீ எழுதிய 'செருப்புப் போட முடியவில்லை'. பிறகு என் பகிடி. நீ விழுந்த மாதத்திலிருந்து நீ எனக்குக் காலைக் காட்டிய நாள் வரைக்கும் எல்லாம் பின்னோக்கி வந்தது. பத்தொன்பதாவது தரம் அமத்தியபோது வந்தது ஆனி 12. அதற்கு மேல் வர ஒன்றுமில்லை. சேமித்தேன்.

எனக்கு இப்போதும் பயம். மாமி எங்கள் படலையில் வந்து நின்று மண் அள்ளித் தூற்றுவார் என்று பயம். லண்டனில் அக்கா இதைக் கேள்விப்பட்டால், தன் கலியாணத்துக்காகத்தான் நீ வாய் மூடியிருந்தாய் என்று தெரிந்தால், என்ன ஆவார் என்று பயம். பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். அம்மா என்னை எப்படிப் பார்ப்பார் என்று யோசிக்கவே முடியவில்லை. இந்த வரிகள் கல்வெட்டில் போடுகிறமாதிரியானவை அல்ல. ஆனால் உன் அப்பா கேட்ட 'பின்னை என்னத்தாலை' என்ற கேள்விக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே பதில் இவைதான். அது என் கையில் இருக்கிறது.

மாமாவுக்குத் திரையில் எழுத்துப் பிடிபடாது. 'நீர் வாசியும், நான் கேட்கிறன்' என்பார். அதனால் பத்தொன்பதையும் வாய்க்குள் வாசித்துப் பழகினேன். இப்போது பாராமலே வருகிறது. இனி இந்தக் கணினியை அவர் தோட்டத்தில் புதைத்தாலும், எங்கே நான் போனாலும், உன் வரிகள் என்னோடுதான் வரும். என் பகிடி வரும் வரியையும் விடவில்லை. அதை மட்டும் மூன்று தரம் கூடுதலாக வாசித்துப் பழகினேன்.

வாசித்து முடிந்ததும் அவர் கேட்கப்போவது ஒன்றுதான்: உமக்கு எப்பவிருந்து தெரியும்? நாளைக்கு என்ன சொல்வது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன், வேறு எதுவும் வாயில் வந்துவிடக்கூடாது.

ஆனியிலையிருந்து, மாமா.