நெத்திலிக் கட்சிக்காரருக்கு

மச்சான்,

போன வெள்ளிக்கிழமை அறந்தாங்கியில் ஒரு தச்சுப் பட்டறைக்குப் போயிருந்தேன். வீட்டு வாசல் கதவு இற்றுப்போய்விட்டது, மாற்ற வேண்டும். ஆசாரி புதுக் கதவு ஒன்றைச் சுவரில் சாய்த்துவைத்து ஆளிவிதை எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கதவு மறந்துவிட்டது. நீங்கள் கொல்லைப்புறத்தில் குந்தியிருந்து ஹாக்கிக் கட்டைகளுக்கு எண்ணெய் போடுவதும், என் தங்கை ஜொகரா அடுப்படியிலிருந்து, "இந்த வாடையில கொழம்பு ருசியே தெரியமாட்டேங்குது" என்று சத்தம் போடுவதும் கண் முன்னால் வந்து நின்றன. ஆசாரி, "என்ன பாய், தலைய சுத்துதா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, கதவுக்கு அளவுகூடச் சொல்லாமல் பஸ் ஏறி மீமிசலுக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை நாளாகியும் உங்களோடு நான் மனம்விட்டுப் பேசவில்லை. உயிரோடு இருந்தபோது பேசவேண்டியதையே பேசாதவன் நான்.

ஈப்போவிலிருந்து நீங்கள் ஊர் திரும்பிய நாள் நினைவிருக்கிறது. மலாயாவிலிருந்து வருகிறவர்கள் கைக்கடிகாரமும் கைலியும் கொண்டுவருவார்கள். நீங்கள் பாயில் சுருட்டி நாலு ஹாக்கிக் கட்டைகளைக் கொண்டுவந்தீர்கள். சூசை அதில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊண்டி நடக்குற கம்பு கீழ வளைஞ்சிருக்கே மாப்ள?" என்று கேட்டான். கடலுக்குப் போகிறவர்களிலேயே வாட்டசாட்டமான ஆள் அவன். நீங்களோ அவன் தோளுக்குத்தான் வருவீர்கள். அடுத்த மாதமே அவனை உப்பளத்துக்குப் பக்கத்துக் களித்தரையில் கட்டையோடு நிற்க வைத்துவிட்டீர்கள். படகு செய்கிறவர் புளியங்கிளையில் இன்னும் பத்துக் கட்டை செதுக்கிக் கொடுத்தார். அசர் தொழுகைக்குப் பிறகு, சாயங்காலமானால், ஊரில் பாதிப் பேர் அந்தத் தரையில்தான் கிடந்தோம்.

நான் ஆடியவன் அல்ல. கருவாட்டு மண்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு போட்டவன். ஆனால் ஆட்டத்தைப் பற்றிப் பேச என்னை விட்டால் ஆள் கிடையாது. காளிமுத்து டீக்கடையில் தினமும் அந்தப் பேச்சுத்தான். நீங்கள் லெஃப்ட் அவுட். இடது ஓரத்துக் கோட்டை ஒட்டிப் பந்தை உருட்டிக்கொண்டு பறப்பீர்கள். டீமுக்கு ஓட்டம்தான் உயிர் என்பது உங்கள் கட்சி. ஆள் கட்டு வேண்டும், எதிரே வருகிறவன் மோதினால் அவன்தான் விழ வேண்டும் என்பது என் கட்சி. காளிமுத்துதான் பேர் வைத்தான், நெத்திலிக் கட்சி, கொடுவாக் கட்சி என்று.

"நெத்திலி என்னதான் வேகமாப் போனாலும் கூடையில அள்ளிருவோம்ல?" என்பேன் நான்.

"கொடுவா எம்புட்டுப் பெருசா இருந்தா என்ன மச்சான்? வலையில தலைய மாட்டிக்கிட்டுத் திரும்பத் தெரியாம நிக்கிறது அதுதானே!" என்பீர்கள். கடையே சிரிக்கும். தோற்றுப்போன கட்சி அன்றைக்கு எல்லாருக்கும் டீ சொல்ல வேண்டும். பெரும்பாலும் நான்தான் சொன்னேன்.

புதுக்கோட்டையில் நடந்த கோப்பைப் பந்தயத்துக்கு முதல் தடவை போனது உங்கள் கட்சி பொறுக்கிய டீம். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர், இரண்டு தறிக்காரப் பையன்கள், நீங்கள். எல்லாரும் காற்றுப்போல ஓடுகிறவர்கள். கருவாட்டு லாரியில்தான் போனோம். மைதானத்தில் நம் பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எதிரே வந்த டவுன்காரர்கள் ஒவ்வொருவரும் தேக்குமரம். பாதி ஆட்டம் வரை நாம் ஒரு கோல் முன்னால் இருந்தோம், அதுவும் நீங்கள் போட்டது. பிறகு இடித்தே நம்மைச் சாய்த்தார்கள். வாத்தியாருக்கு முழங்கால் பிசகிவிட்டது. திரும்பி வரும்போது லாரியில் ஆளாளுக்கு வாத்தியாரின் முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் மட்டும் மனசுக்குள், 'நான் சொன்னேனே' என்று சொல்லிக்கொண்டே வந்தேன். தோல்வியில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது மச்சான். அது தெரியாதபடி முகத்தை வைத்துக்கொண்டேன்.

மறு வருஷம் டீம் எடுக்கிற பேச்சு வந்தபோது கடை கொள்ளாத கூட்டம். நான் எழுந்து நின்று பேசினேன். துடுப்புப் போடுகிற தோள், வலை இழுக்கிற கை, இதெல்லாம் நம் ஊரில் கிடக்க, தறிக்காரப் பிள்ளைகளை ஏன் கூட்டிக்கொண்டு போய் அடிவாங்க வைக்க வேண்டும் என்று கேட்டேன். தலைகள் ஆடின. ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஃபுல்பேக் சூசை. நடுவில் இன்னார், இன்னார். எல்லாரும் கடலுக்குப் போகிற ஆட்கள். லெஃப்ட் அவுட் வந்ததும் நிறுத்தினேன். உங்களை எடுக்கக் கூடாது என்று நான் நினைத்துப் போகவில்லை, இது சத்தியம். காளிமுத்துதான் டீ ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"அப்ப ஒங்க மச்சான்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம் நான் ஊருக்கே நீதிபதியாகிவிட்டதுபோல் இருந்தது.

"மச்சானுக்குன்னு ஒரு நாயம், மத்தவங்களுக்குன்னு ஒரு நாயமா? கட்டுன்னா எல்லாருக்கும் கட்டுத்தான்" என்றேன்.

கடையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, பாராட்டித்தான். அந்த முணுமுணுப்பு எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. நீங்கள் ஓரத்துப் பெஞ்சில் டீக் கிளாஸோடு இருந்தீர்கள். கை தூக்கச் சொன்னபோது முதலில் எழுந்தது உங்கள் கைதான்.

"சரியாத்தான் சொல்றாங்க. நான் கூட வந்து தண்ணி குடுக்குறேன்" என்றீர்கள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். அந்தச் சிரிப்பை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

ஆனால் அதோடு முடிந்திருந்தால்கூட நான் இன்று இப்படி எழுத வேண்டியிருக்காது. பந்தயத்தன்று காலையில் புதுக்கோட்டை மைதானத்தில் இறங்கியதும், லெஃப்ட் அவுட் ஆடவேண்டியவனுக்கு உள்ளங்கை வீங்கிப் பழுத்திருப்பது தெரிந்தது. முந்தின நாள் மீன்முள் குத்தியதை அவன் சொல்லவில்லை. கட்டையைப் பிடிக்க முடியவில்லை. எல்லாரும் உங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தீர்கள். உள்ளே டீம் பனியனைப் போட்டுக்கொண்டு வந்திருந்தீர்கள்.

நான் அதைப் பார்த்தேன் மச்சான். பார்த்த பிறகும் சொன்னேன், "செபஸ்தி எறங்கட்டும்."

செபஸ்தி சூசையின் தம்பி. டவுனைப் பார்க்க லாரியில் தொற்றிக்கொண்டு வந்தவன். கட்டையை அதற்குமுன் நாலைந்து தடவை பிடித்திருந்தால் அதிகம். சூசையே, "எலே, அவரு இருக்கையில இவன் எதுக்கு?" என்றான். நான், "அந்த எடத்துல மலையாட்டம் நின்னாப் போதும், ஓட வேணாம்" என்றேன். செபஸ்தியிடம் கட்டை இல்லை. நீங்கள் உங்கள் கட்டையை நீட்டினீர்கள். "மேல இந்தக் கை, கீழ இந்தக் கை" என்று அவன் விரல்களைப் பிடித்து வைத்துக் காட்டினீர்கள். பிறகு சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக மறுபடியும் போட்டுக்கொண்டீர்கள்.

அன்றைக்கு நாம் ஜெயித்தோம். அதுதான் எனக்கு வந்த கேடு. தோற்றிருந்தால் உங்கள் காலைப் பிடித்து அழுதிருப்பேன். ஆனால் சூசை சுவராக நின்றான். டவுன்காரர்கள் மோதி மோதி அவர்களே விழுந்தார்கள். செபஸ்திமேல் மோதிய ஒருவன் எழுந்திருக்கவே நேரமாயிற்று. கடைசியில் ஒரே ஒரு கோல். மீமிசல் வந்து சேர்ந்தபோது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு பந்தைக்கூட அடிக்காத என்னை. நீங்கள் பின்னால் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிச் சுமந்துகொண்டு வந்தீர்கள்.

ஜொகரா வாசலில் நின்றாள். "அவரு ஆடுனாராண்ணே?" என்று கேட்டாள்.

"ஆடல. ஆனா ஜெயிச்சிட்டோம் புள்ள."

"யாரு ஜெயிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு நீங்கள் களித்தரைக்கு வருவது குறைந்தது. கேட்டால் முழங்கால் வலி என்றீர்கள். ஆவுடையார்கோவில் ரோட்டில் நீங்கள் போட்ட ஜவுளிக்கடையும் சுகப்படவில்லை. ஆனால் அந்தக் கடை முதலிலிருந்தே சுகப்படவில்லை; அது ஓடாமல் கிடந்தபோதும் சாயங்காலமானால் சீட்டியடித்துக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டு வந்தவர்தான் நீங்கள். இப்போது சாயங்காலத்திலும் கடையிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். நோன்புப் பெருநாள் கழிந்ததும் மறுபடி மலாயாவுக்குக் கப்பல் ஏறப் போவதாகச் சொன்னீர்கள். உங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது.

ஜொகரா என்னைத் தேடி மண்டிக்கே வந்தாள். அவள் அங்கே வந்ததே கிடையாது. கருவாட்டுக் குவியலுக்கு நடுவில் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்று, "நீ ஒரு வார்த்த சொன்னா இருந்துருவாரு" என்றாள்.

"என்னா வார்த்த?"

"அடுத்த வருசம் நீங்க ஆடுங்க மச்சான்னு சொல்லு. அம்புட்டுத்தான்."

"அது எப்புடிப் புள்ள? ஜெயிச்ச டீம எப்புடி மாத்துறது?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஏதோ தெரியாத ஆளிடம் வழி கேட்டுவிட்டதுபோல் பார்த்தாள். போய்விட்டாள்.

அறந்தாங்கி ஸ்டேஷனுக்கு நான்தான் உங்களோடு வந்தேன். ரயில் வரத் தாமதம். சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வந்தது. ஆனால் நான் பேசியது என்ன தெரியுமா? அடுத்த வருஷம் நடுவில் யாரைப் போடலாம் என்று உங்களிடமே யோசனை கேட்டேன். நீங்களும் பொறுமையாகச் சொன்னீர்கள். சூசைக்கு இடது பக்கம் திரும்பக் கொஞ்சம் நேரமாகிறது, அதைக் கவனிக்கச் சொல்லுங்கள் என்றீர்கள். ரயில் கிளம்பியபோது ஜன்னல் வழியே கையை ஆட்டி, "பாத்தீங்களா மச்சான், இப்பவும் நாந்தான் முந்திப் போறேன்" என்றீர்கள். நான் சிரித்தேன். கடவுளே, நான் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஊருக்கு நீங்கள் ஒருமுறைதான் வந்துபோனீர்கள். அப்போது கட்டையைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நம் டீமும் இரண்டு மூன்று வருஷத்தில் கலைந்துபோயிற்று. மற்ற ஊர்க்காரர்களும் கட்டான ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவராவது ஓடவும் செய்தார். நம்மிடம் ஓடுகிறவர் இல்லை.

போன வருஷம் ஈப்போவில் நீங்கள் மௌத்தான செய்தி வந்தது. நெஞ்சுவலி என்றார்கள். அதற்குப் பிறகு உங்களோடு அங்கே வேலை பார்த்த கோபாலப்பட்டினத்து ஆள் ஒருவர் வந்தார். ஜொகரா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருக்க, நான்தான் அவரிடம் பேசினேன்.

"ஞாயித்துக்கெழமையானா கிரவுண்டுலதான் இருப்பாருங்க" என்றார் அவர். "நாப்பத தாண்டியும் அவரப் புடிக்க ஒரு ஆளு கெடையாது. சீனப் பயலுக, பஞ்சாபிக எல்லாம் அவரு ஓடுறதப் பாக்கவே வருவானுக. அப்புறம் ஒண்ணு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. எங்க ஊரு டீமுல எனக்கு எடமில்லடா, எம் மச்சான் பொறுக்குற டீமு அப்புடின்னு. பெருமையாத்தான் சொல்லுவாருங்க."

அவருக்கு டீ கொடுத்து அனுப்பினேன். பெருமையாகத்தான் சொன்னீர்களா மச்சான்? அப்படிச் சொன்னீர்கள் என்றால் அதைவிட ஒரு அடி இல்லை. எவ்வளவோ வருஷம் நம் களித்தரையில் ஓடியிருக்க வேண்டிய கால்கள் அவை. உங்கள் மகள் தூரத்தில் நின்றாவது பார்த்திருப்பாள். ஒரு பந்தயத்தைப் பற்றி நான் சொன்னது சரி. உங்களைப் பற்றி நான் நினைத்தது அத்தனையும் தப்பு. காளிமுத்து கடையில் இப்போதும் பையன்கள் பள்ளிக்கூட டீமுக்கு ஓட்டமா, கட்டா என்று சண்டை போடுகிறார்கள். என்னிடம் தீர்ப்பு கேட்பார்கள். நான் எழுந்து வந்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை அறந்தாங்கியிலிருந்து திரும்பியதும் நேரே ஜொகரா வீட்டுக்குத்தான் போனேன். அவள் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் மிளகாயைத் திருப்பிப் போட்டேன். அவளாகவே கேட்டாள்.

"அவரு எப்புடிண்ணே ஓடுவாரு?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"ஊரே பாத்துச்சு. ஈப்போக்காரனும் பாத்துருக்கான். நான் பாத்ததே இல்ல. கிரவுண்டுக்குப் பொம்பளைக எங்க போனோம்? நீ பாத்திருக்கல்ல, சொல்லு."

சொல்ல ஆரம்பித்தேன். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், தலை பந்தைப் பார்க்காது, கண் கோல் பக்கமே இருக்கும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. வாயால் சொல்லிப் புரியவைக்கிற விஷயமா அது? எழுந்தேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மிளகாயைச் சுற்றி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் உங்களைப்போல் குனிந்து ஓடிக் காட்டினேன். இந்த வயதில், இந்தத் தொந்தியோடு. மூச்சு வாங்கியது.

ஜொகரா இமைக்காமல் பார்த்தாள். "இம்புட்டு மெதுவாவா ஓடுவாரு?"

"இல்ல புள்ள. நான் ரெண்டு எட்டு வைக்கிறதுக்குள்ள அவரு அந்தச் செவுத்துக்கே போயிருப்பாரு."

அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இன்னொரு தரம் ஓடிக் காட்டு."

ஓடினேன் மச்சான்.