ரைட்டர் பட்டினி

ஜூன் 3, செவ்வாய்
மகள் சாஜிதா வீட்டிலிருந்தே பூட்டு செய்கிறாள். தொட்டுப் பார்க்க முடியாத பூட்டு, பெங்களூர் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு. ஒண்டிக்கடையில் டீ ஆற்றும் அவள் அத்தா எனக்கு இப்படி ஒரு வாரிசு.

"ஒரு கணக்க எத்தன பேரு வேணா ஒண்ணாப் படிக்கலாங்கத்தா. ஒருத்தன் எழுத வந்தா மட்டும் உள்ள வேற யாரும் இருக்கக் கூடாது. எழுதறவனுக்குப் பேரு ரைட்டர்."

இதற்கு நாலு வருஷப் படிப்பு.

ஜூன் 5, வியாழன்
போனில் யாரிடமோ சொல்கிறாள்: "நொம்ப நேரமா ரைட்டர் பட்டினியாக் கெடக்குறாருங்க." எனக்குப் பகீரென்றது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வெள்ளையன் காலையில்தான் என் கடையில் நாலு பன் தின்றார். கேட்டால் சிரிக்கிறாள். படிக்கிறவர்கள் ஒருவர் போக ஒருவர் வந்துகொண்டே இருந்தால், எழுத வந்தவனுக்கு முறையே வராதாம். அதுதான் பட்டினியாம்.

வெள்ளையனிடம் இதைச் சொன்னேன், நாலு பன்னையும் சேர்த்து. "ஏனுங்க பாய், நான் தின்னதையா ஊரெல்லாம் பேசறீங்க" என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 8, ஞாயிறு
ரைட்டர் வந்து நின்றால் புது ஆளை உள்ளே விடாதே என்று பூட்டை மாற்றினாளாம். இப்போது மொத்தமும் அசையாமல் நிற்கிறது. ஏன் என்று அவளுக்கே தெரியாது.

பக்ரீத் பிரியாணி மிச்சத்தைப் போடும்போது, "பூட்டு செஞ்ச மகராசி உள்ளயே மாட்டிக்கிட்டா" என்றேன். என் மனைவி ஜைனப் சிரித்தாள். சாஜிதா தட்டைத் தள்ளினாள்.

"வெள்ளிக்கெழம இத ஓட்டிக் காட்டலீன்னா வேலைய விட்டு அனுப்பிருவாங்கத்தா. உங்களுக்கு எல்லாமே கேலி."

நான் என்ன சொல்லிப்புட்டேன் இப்ப? ஊட்ல சிரிக்கக்கூடக் கூடாதா? — நெசமாவே அனுப்பிருவானுங்களா?

ஜூன் 9
நான் போகப் போவதில்லை. அவளே வரட்டும்.

ஜூன் 11, புதன்
நானே போனேன், டீயோடு. "செரி கண்ணு, யாரு யாருக்காக நிக்கிறானுங்க?"

காரணத்தைக் காலையில்தான் பிடித்தாளாம். உள்ளே படிக்கிற ஒருவன் வெளியே வராமலே இன்னொரு முறை அனுமதி கேட்கிறான். ரைட்டர் காத்திருப்பதால் அனுமதி கிடையாது. ரைட்டரோ இவன் வெளியேறினால்தான் உள்ளே போவான்.

"வடிகட்டுன முட்டாளுங்க ரெண்டும்" என்றேன்.

"ஆமாங்கத்தா. ஏற்கெனவே உள்ள இருக்கறவன அடையாளம் வச்சு, அவன மட்டும் மறிக்காம உடணும்."

டீயைக் குடித்தாள்.

ஜூன் 16, திங்கள்
வெள்ளிக்கிழமை ஓட்டிக் காட்டியதற்கு கம்பெனிக்காரர்கள் சொன்னது ஒரே ஒரு 'ஓகே'. இன்று வேலை நிரந்தரம் என்று செய்தி. வாயைத் திறந்து பாராட்டக்கூட வக்கில்லாத கஞ்சர்கள்.

பால் ஊற்ற வந்த சத்யராஜ், "பாப்பா என்ன வேலைங்க பாய் பாக்குது?" என்றான். ரெண்டு டம்ளரைப் படிக்கிறவர்களாகவும் சொம்பை ரைட்டராகவும் வைத்து முழுசாக விளக்கினேன்.

"அப்பப் பூட்டுக் கடைங்களா?" என்கிறான். பத்தாவது படித்தவனாம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும், இவனுக்குப் புரிய வேண்டாமா?