அம்மனுக்கு நீங்கள் வைத்த முகம்

அப்பா,

என் சட்டையில் ஈர சிமெண்ட் வாடை இன்னும் போகவில்லை. நேற்று வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில், நீங்கள் செய்த அம்மன் இருக்கும் கோயிலுக்குப் போய்வந்தேன். இந்த வாடையோடுதான் வீட்டுக்கு வருவீர்கள். நீங்கள் வராத நாட்களில் அது எந்த வீட்டில் அடித்தது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

குரங்கு குதித்து அம்மனின் முகம் மூக்கோடு பெயர்ந்துவிட்டது. கும்பாபிஷேகத்துக்குள் புதிய முகம் வைக்க வேண்டும். இருக்கிற படங்களிலெல்லாம் பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து மழுங்கிய முகம்தான். "உங்கப்பா கைக்கு ஈடு உண்டாங்க சார்? நீங்க வந்து அடையாளம் சொன்னா போதும்" என்று கோயில் தர்மகர்த்தா போனில் குழைந்தார். ஊருக்கு நீங்கள் கலைஞர். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளின் மேல் உங்கள் சிமெண்ட் கழுகும் ஏரோப்ளேனும் நிற்கின்றன. நம் வீட்டுச் சமையலறையில் உடைந்த கூரை ஓடு ஒன்றை மாற்ற மட்டும் உங்களுக்கு நேரம் வாய்க்கவில்லை.

அந்த அம்மனுக்குக் கண் திறந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். செய்தவர் வீட்டுப் பெண்தான் முதல் ஆரத்தி எடுக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அம்மா கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு தட்டோடு முன்னால் நின்றாள். திரையை விலக்கினார்கள். எறையூர்ச் சாலையில் இட்லிக் கடை வைத்திருந்த உங்கள் சரோஜா, எட்டுக் கைகளோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா தட்டை உயர்த்தினாள். மூன்று சுற்றும் சுற்றிவிட்டு விழுந்து கும்பிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில்தான் வாயைத் திறந்தாள். "மூக்குத்தியவாச்சும் பக்கம் மாத்தி வச்சிருக்கலாம்ல."

"சாமி முகத்துல எல்லாப் பொம்பளையும்தான் இருப்பா. ஒனக்கு அதெல்லாம் புரியாது."

"அப்ப நான் எங்க இருக்கேன், காட்டுங்க."

நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பீடி பற்ற வைத்தீர்கள்.

நேற்று அம்மாவின் படத்தைச் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தேன். தர்மகர்த்தா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, சாரத்தில் நின்ற சுதை வேலைக்காரரிடம் நீட்டினேன். "இதுதான் பழைய முகம். இதைப் பாத்து வைங்க." பொய்தான். நீங்கள் செய்த உடம்பின் மேல் அவள் தலையை உட்கார வைத்துவிட வேண்டும் என்பது என் பல வருட வெறி.

அவர் படத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். "இந்தம்மா சிரிக்கவே இல்லீங்களே சார். சிரிச்ச முகம்னுல்ல ஊர்ல சொல்றாங்க. வேற படம் இருக்குதுங்களா?"

இல்லை. எல்லாப் படத்திலும் அவள் இப்படித்தான்.

"பரவால்லீங்க, வாயால சொல்லுங்க. சிரிச்சா கன்னம் குழியுமா? பல்லு தெரியுமா?"

கரண்டியில் கலவை இறுகிக்கொண்டிருந்தது. யோசித்துப் பார்த்தேன். முப்பது வருடம் எனக்குச் சோறு போட்டவள். ஒன்றும் வரவில்லை. வந்தது வேறொன்று: முதலில் கண் சிரிக்கும், பிறகு மேலுதடு லேசாக ஏறும், இடது கன்னத்தில் மட்டும் குழி விழும். வருஷா வருஷம் திருவிழாவில் முறைத்து முறைத்தே மனப்பாடமான முகம். சொன்னேன். அவர் சொல்லச் சொல்ல வைத்தார். ஒரு மணி நேரத்தில் சரோஜா திரும்ப வந்துவிட்டாள்.

தர்மகர்த்தா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அச்சு அசல் உங்கப்பா செஞ்ச முகம் சார்."

சிமெண்டைச் சிரிக்க வைக்கத் தெரிந்த உங்களுக்கு, கட்டியவளை ஒரு நாள்கூடச் சிரிக்க வைக்கத் தெரியவில்லை. அதை எத்தனை முறை வேண்டுமானாலும் உங்கள் முகத்துக்கு நேரே சொல்வேன். ஆனால் நீங்கள் செத்த பிறகும் அவள் ஒன்பது வருடம் என்னோடுதான் இருந்தாள், அப்பா. அந்த ஒன்பது வருடத்தை உங்கள் தலையில் போட எனக்கு வழி தெரியவில்லை.