அன்னம் வண்டியின் கன்னத்துப் பொட்டு

மண்ணூர்பேட்டை
10.2.1997

மாமா அவர்களுக்கு,

வசந்தகுமாரி மரியாதையுடன் எழுதுவது. நானும் பாப்பாவும் இங்கே நலம். உங்கள் நலம் பற்றி நீங்கள் போட்ட கடிதத்தில் பாதிக்கு மேல் சப்பாத்தியைப் பற்றியே இருந்தபடியால், மீதியை நானாகத்தான் யூகித்துக்கொண்டேன். நாக்பூரில் ஆரஞ்சுப் பழம் மலிவு என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஒரு டீசல் பம்பு ஃபிட்டரை ஆரஞ்சு தின்னச் சொல்லி கார் கம்பெனி எதற்காக ரயிலேற்றி அனுப்பியது என்பதைத்தான் எழுதவில்லை.

தெருவில் கேட்பவர்களிடமெல்லாம், டீலர் கடையில் டிரெயினிங் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா மட்டும் நம்பவில்லை. அவர் வீட்டுக்காரரும் உங்கள் கம்பெனியில்தானே இருக்கிறார். டிரெயினிங் போகிறவனுக்கு ஒரு லுங்கியும் சோப்பு டப்பாவும் எடுத்துக்கொள்ளவாவது நேரம் கொடுப்பார்கள், வேம்புலியை எண்ணெய்க் கையோடு ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய் சென்ட்ரலில் இறக்கிவிட்டார்கள் என்று அவர் வந்து சொல்லியிருக்கிறார். நீங்கள் லுங்கி அனுப்பச் சொல்லி எழுதியதை நான் அக்காவிடம் காட்டவில்லை. லுங்கி, ஊறுகாய், அந்த நீல பனியன் எல்லாம் பார்சல் கட்டி வைத்திருக்கிறேன். போனில் பேசிவிடலாம் என்று எஸ்.டி.டி. பூத்துக்கும் போனேன். அந்த நாக்பூர் கடையில் எடுத்தவர் இந்தியில் ஏதோ சொன்னார், நான் தமிழில் ஏதோ சொன்னேன், இரண்டு பேரும் மரியாதையாக வைத்துவிட்டோம்.

நேற்று ஆவடியிலிருந்து என் அண்ணன் நாகப்பன் வந்திருந்தார். உங்கள் பேச்சைக் கேட்டு அன்னம் டீசல் வேன் வாங்கி, பள்ளிக்கூட டிரிப் அடிக்கிறவர் உங்கள் மேல் எவ்வளவு பிரியமாக இருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்னம் என்று பேரும் வைத்து, கதவில் வெள்ளைப் பறவையும் வரைந்து, பின்பக்கம் கரிப்புகை விடுகிற வண்டியை உங்கள் கம்பெனியைத் தவிர வேறு யார் செய்வார்கள் என்று கேட்கிறார். பின் சீட்டுப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு ஏறி, பள்ளிக்கூட வாசலில் சாம்பல் சட்டையோடு இறங்குகிறார்களாம். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கூப்பிட்டு, யூனிஃபார்மை மாற்றுவதா வண்டியை மாற்றுவதா என்று கேட்டிருக்கிறார். புகையைக் குறைக்கச் சொல்லி அண்ணன் உங்களிடம் வந்து, நீங்களும் பம்பு ஸ்க்ரூவைத் திருகிக் கொடுத்தீர்களே, அப்புறம் புகையும் நின்றது, வண்டியும் நின்றது. சின்ன மேடு வந்தால்கூடப் பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டியிருந்ததால், மறுபடி உங்களிடமே வந்து பழையபடி திருகிக்கொண்டு போனார். "மச்சான் குடுத்த வண்டில ஒண்ணு பொகைல குந்திகினு போவணும், இல்லாங்காட்டி எறங்கித் தள்ளணும். வேற வய்யே இல்ல" என்றார். நான் வைத்த மீன் குழம்பில் மட்டும் குறை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இன்னொரு விசேஷமும் உண்டு. உங்கள் மேனேஜர் அய்யாசாமி சார் நம் வீட்டுக்கு வந்தார். பாப்பா பிறந்தபோது எட்டிப் பார்க்காதவர், ஆப்பிளும் பிஸ்கட்டுமாக வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கம்பெனி நமக்குத் தாய் மாதிரி என்று ஆரம்பித்தார். புகைச் சோதனைக்கு ஒரு வண்டியைக் காட்டிவிட்டு ஜனங்களுக்கு வேறு மாதிரி வண்டியை விற்கிறோம் என்று கவர்மெண்டில் யாரோ வீண் பழி போடுகிறார்களாம். யாராவது வந்து உங்களைப் பற்றிக் கேட்டால், வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் எங்கேயோ போய்விட்டார், இடம் தெரியாது என்று நான் சொல்ல வேண்டுமாம். அப்படியென்றால் அவர் என்னை விட்டு ஓடிவிட்டார் என்று அர்த்தமா சார் என்று கேட்டேன். அதெல்லாம் இல்லம்மா, சும்மா ஒரு பேச்சுக்கு என்றார். ஒரு பேச்சுக்காக வாழாவெட்டி ஆகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை சார் என்று சொல்லி டீயைக் கையில் கொடுத்தேன். பாதி டீயிலேயே எழுந்துவிட்டார். ஆப்பிள் மாவாக இருந்தது.

மாமா, விளையாட்டு போதும். கம்பெனியில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும், சாப்பிடும்போது நீங்களே சொல்லிச் சிரித்ததுதான். அப்போது நானும் சிரித்தேன். அதைச் செய்யச் சொன்னது யார், இப்போது அது யார் தலையில் விடியப்போகிறது என்று எனக்கு விவரமாக எழுதுங்கள். பயமாக இருக்கிறது.

பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்
வசந்தகுமாரி


மண்ணூர்பேட்டை
19.2.1997

மாமா அவர்களுக்கு,

வசந்தகுமாரி எழுதுவது. உங்கள் பதில் இன்று காலை வந்தது. எல்லாம் அய்யாசாமி சார் பார்த்துக்கொள்வார், நீ யாரிடமும் வாயைத் திறக்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நேற்றே திறந்துவிட்டேன். இதற்குத் தபால்காரரைத்தான் குறை சொல்ல வேண்டும்.

வந்தது உங்களுக்குத் தெரிந்தவர்தான். கவர்மெண்டிலிருந்து புகைச் சோதனைக்கு வருகிற லோகநாயகி அம்மா. பொம்பளை ஆபீசர், பேப்பரைப் புரட்டிவிட்டு டிபன் சாப்பிட்டுப் போய்விடுவார் என்று நீங்களெல்லாம் பேசிக்கொண்டீர்களே, அதே அம்மா. ஆட்டோவில் வந்து இறங்கி, குடையை மூலையில் சாத்திவிட்டு, நாற்காலி வேண்டாம் என்று பாயில் உட்கார்ந்துகொண்டார். பாதி டீயில் எழுந்திருக்கிற ஆள் இல்லை, இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

உங்கள் பக்கத்துக் கதையை நான் கேட்டிருக்கிறேன். அந்த அம்மா பக்கத்துக் கதையை இப்போதுதான் கேட்டேன். சோதனைக்கு வரும்போதெல்லாம் அய்யாசாமி சார் புது வண்டிகள் நிற்கிற யார்டைக் காட்டி, எந்த வண்டியை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் மேடம் என்பாராம். இந்த அம்மா கை காட்டுகிற வண்டி கிளம்பாதாம். பேட்டரி இன்னும் வரவில்லை என்பாராம். பக்கத்து வண்டிக்கும் அதே பதில்தானாம். கடைசியில் ஓரமாக நிற்கிற ஒன்று மட்டும் சாவி போட்டதும் சமத்தாகக் கிளம்புமாம். சரி, கிளம்புகிறதையே பார்ப்போம் என்று சோதித்தால் பொட்டுப் புகை இருக்காதாம். முதல் தடவை வெள்ளை வண்டி, அடுத்த தடவை நீல வண்டி, போன மாதம் சந்தனக் கலர். நம்பரும் வேறு வேறு. கம்பெனி நல்ல வண்டிதான் செய்கிறது என்று அந்த அம்மாவே நம்பி எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

ஆனால் மாமா, மூன்று கலர் வண்டிக்கும் இடது பக்க விளக்குக்குக் கீழே, ஒரே இடத்தில், ஒரே அளவில் மைப் பொட்டு. யார்டில் நிற்கிற வேறு எந்த வண்டிக்கும் இல்லை. போன மாதம் சோதனை முடிந்து குனிந்து பையை எடுத்தபோதுதான் பார்த்தாராம்.

பெயிண்ட் மாற்றினவர் கெட்டிக்காரர், நம்பர் மாற்றினவர் அவரை விடக் கெட்டிக்காரர், பேட்டரியைக் கழற்றி ஒளித்துவைத்தவர்களும் குறைச்சல் இல்லை. அத்தனை பேர் வேலையையும் ஒரு கட்டைவிரலால் கெடுத்துவிட்டீர்களே. சோதனையில் ஜெயித்த வண்டி, பார்க்கிறவர்கள் கண்ணெல்லாம் படும் என்று பெயிண்ட் காய்கிறதுக்குள் மறுபடி மறுபடி திருஷ்டிப் பொட்டு வைத்தது வேறு யார். அதை மாங்காட்டுக்கு ஓட்டிக்கொண்டுபோய் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்ததும், ஆயுதபூஜைக்கு முதல் மாலை போட்டதும் நீங்கள்தானே. நம் வீட்டு மை டப்பா மட்டும் ஏன் அப்படிச் சீக்கிரம் தீர்கிறது என்று நான் கடைக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பாப்பா தூங்கி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். இடது கன்னத்தில் பொட்டோடுதான். நீங்கள் ஊரில் இல்லாததால் நான்தான் வைக்கிறேன், ஆனால் நீங்கள் வைக்கிற மாதிரியே கொஞ்சம் தாழ்த்தி, விரலை அழுத்தி வைத்துப் பழகிவிட்டது. லோகநாயகி அம்மா அவளையே பார்த்துக்கொண்டு இருந்தார். அப்புறம், "இந்தப் பொட்டை நான் ஏற்கெனவே மூணு கலர்ல பாத்துட்டேன்மா" என்றார். சொன்னவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது, அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. கவர்மெண்டு ஆபீசரோடு சேர்ந்து அப்படிச் சிரித்தபிறகு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று எந்த முகத்தோடு சொல்வது.

சிரிப்பு அடங்கினதும் அவர் சொன்னதைக் கேளுங்கள். பேட்டரியைக் கழற்றியது, கலரை மாற்றியது, அந்த ஒரு வண்டிக்கு மட்டும் புகை வராமல் ஸ்க்ரூவைத் திருகியது எல்லாமே வேம்புலி என்கிற ஃபிட்டர் தன்னிச்சையாகச் செய்தது, விஷயம் வெளியானதும் ஆள் தலைமறைவு என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டதாம். கம்பெனி கேட்டிலும் அப்படியே எழுதி ஒட்டியிருக்கிறார்கள், ஜமீலா அக்கா வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். ஒரு ஃபிட்டர் யாருக்கும் தெரியாமல் ஒரு முழு வேனுக்குப் பெயிண்ட் அடித்தாராம், அதுவும் மூன்று தடவை. நம் வீட்டு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி நான் எத்தனை பொங்கலாகக் கேட்கிறேன். இப்போது தெரிகிறதா, நீங்கள் ஆரஞ்சு தின்பது எதற்காக என்று.

வருகிற 27ஆம் தேதி வியாழக்கிழமை கிண்டியில் அந்த அம்மாவின் ஆபீசில் விசாரணை. நீங்கள் நேரில் வந்து, யார் சொல்லி என்ன செய்தேன் என்று சொன்னால் எழுதிக்கொள்வார்களாம். வராவிட்டால் கம்பெனி சொன்னதுதான் நிற்கும், அப்புறம் போலீஸ் கேஸ். சொன்னாலும் உன் வீட்டுக்காரருக்கு இதில் பங்கே இல்லை என்று ஆகிவிடாது, அவர் செய்ததற்கு அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அந்த அம்மா ஒளிக்காமல் சொன்னார். அதனால்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

ஒன்று எழுத வேண்டாம் என்று இருந்தேன். அண்ணன் மகள் பொன்னி, பின் சீட்டில் போகிறவள், மூச்சிழுப்பு வந்து ஆவடி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். அண்ணன் அன்றைக்கு நம் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டது அங்கிருந்து வந்துதான். உங்கள் மேல் எனக்குக் கோபம் வரக் கூடாது என்று சொல்லாமல் போயிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது மாமா. அழுகையும் வந்தது. இப்போது தேவலை, பள்ளிக்கூடம் போகிறாள், முன் சீட்டில் உட்கார வைத்து ஓட்டுகிறார். பின் சீட்டில் இப்போது வேறு யார் வீட்டுப் பிள்ளையோ உட்கார்ந்திருக்கிறது.

உங்களுக்கு வேலை போய்விடும் என்று பயம், தெரியும். அய்யாசாமி சார்தான் வேலையில் சேர்த்துவிட்டார், அவரை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்று ரயிலேறின நாளிலிருந்து குமைந்துகொண்டிருப்பீர்கள். வேலை போகட்டும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தையல் கம்பெனிக்காரன் ஆள் எடுத்துக்கொண்டேதான் இருக்கிறான், நான் போகிறேன். புகை கக்குகிற அன்னம் வண்டிகள் ஊர் பூராவும் ஓடுகின்றன, அதையெல்லாம் ஒழுங்குபடுத்திக் கொடுக்க ஒரு கடை போட்டால்கூட உங்களுக்குக் கூட்டம் தாங்காது. ஆனால் ஓடிப்போனவன் என்ற பேரோடு எந்தக் கடையும் போட முடியாது.

நான் என்ன சொல்லி அனுப்பினேன் என்று கேட்பீர்கள். லோகநாயகி அம்மா நீங்கள் இருக்கும் இடத்தைக் கேட்டார். தெரியும் மேடம், ஆனால் சொல்ல மாட்டேன், நீங்கள் ஆள் அனுப்பிப் பிடித்துக்கொண்டு வந்தால் அவர் பிடிபட்டவர் ஆகிவிடுவார் என்றேன். வியாழக்கிழமை அவராகவே வருவார் என்றேன். அவ்வளவு நிச்சயமா என்று கேட்டார். நிச்சயம் என்றேன். சொல்லிவிட்டு, மூலையில் இருந்த குடையை நானே எடுத்துக் கொடுத்தேன்.

அய்யாசாமி சாரிடம் சொல்லிக்கொள்ள வேண்டாம். டிக்கெட் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டாவது வாருங்கள். காமாட்சியம்மன் உங்களுக்கு உட்கார ஓர் இடமும், உட்கார்ந்தபின் நல்ல புத்தியும் கொடுக்கட்டும். புதன்கிழமை ராத்திரி உங்களுக்கும் சேர்த்தே உலை வைக்கிறேன். நீங்கள் வராமல் சோறு மிஞ்சினால், அதில் தண்ணீர் ஊற்றி வைத்து, வியாழக்கிழமை காலையில் சாப்பிட்டுவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் கிண்டிக்குப் போவேன். அங்கே உங்கள் பேரைக் கூப்பிடுவார்கள். யாராவது ஒருத்தர் எழுந்து நிற்க வேண்டும் அல்லவா.

இப்படிக்கு,
உங்கள் பேரில் வாக்குக் கொடுத்துவிட்ட
வசந்தகுமாரி