ஐந்தில் நிற்காத கை

டக்.

உன்னுடைய அந்தச் சின்ன ரெஞ்ச் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. எழுத உட்காருமுன் மேசைக்கால் போல்ட்டில் ஒருமுறை திருகிப் பார்த்தேன். அதே சத்தம். போன ஞாயிற்றுக்கிழமை உன் வருஷப் பூசை முடிந்து, வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, செலின் அதை நீல டப்பாவோடு கொண்டுவந்து, "அவரு பொருளு, உங்ககிட்டயே இருக்கட்டும்ணா" என்று கையில் வைத்தாள். உன் பெண்டாட்டி எதைக் கொடுத்தாலும் மறுக்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. அதற்குச் சற்று முன்னால்தான் அவளிடம் ஒன்றைச் சொல்லியிருந்தேன். ஒரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

இந்த ரெஞ்ச் உன் வீட்டுக்கு வந்த நாளிலேயே நாம் சண்டை போட்டோம், ஞாபகம் இருக்கிறதா? உனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னதும் பிரான்சில் இருக்கும் உன் அக்கா வீட்டுக்காரர் கியர் சைக்கிள் ஒன்றை அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பினார். கூடவே, இறுக்கத்தை அளந்து போதுமென்றால் டக்கென்று சொல்லும் இந்த ரெஞ்சும் ஒரு புத்தகமும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் சொட்டுச் சொட்டாக அளந்தே பழகியவன் நீ; புத்தகத்தைக் கீழே வைக்கவே இல்லை. ஹேண்டில் பாரைப் பிடித்து நிற்கும் நாலு சின்ன போல்ட்டுக்கும் அளவு ஐந்து என்று போட்டிருந்தது. ரெஞ்சின் பிடியைச் சுற்றி ஐந்தில் வைத்து முடுக்கினாய். டக்கென்றது. அவ்வளவுதான் என்று கையை எடுத்துவிட்டாய்.

"இன்னாடா இது, கொழந்த முடுக்குன மாதிரி? இன்னும் ஒரு சுத்து வுடு," என்றேன்.

"டக்குன்னா வுட்டுடணும்பா. அதுக்கு மேல போனா போல்ட்டு இழுத்துக்கும். நீ இன்னா போருக்குள்ள பைப்பா எறக்குற?"

ஆமாம், நான் போர்க் கிணற்றுக்குள் பைப் இறக்குகிறவன்தான். இருபத்தைந்து வருஷமாக இந்த வட்டாரத்து வயல்களில் மோட்டார் இறக்கி ஏற்றிய கை இது. ஆரம்பத்தில் மண்ணாடிப்பட்டுப் பக்கம் ஒரு கரும்புக் கொல்லையில் ஒரே ஒரு இணைப்பைச் சரியாக முடுக்காமல் விட்டேன். கொஞ்ச நாளில் மோட்டார் கழன்று போரின் அடிக்குப் போய்விட்டது. கரும்பு காய்ந்தது. அந்தக் கொல்லைக்காரர் என்னைத் திட்டக்கூட இல்லை, தலையில் கைவைத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து எதை முடுக்கினாலும், முடிந்தது என்று தெரிந்த பிறகும், உடம்பு பாரம் முழுக்கப் போட்டு இன்னும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் கையை எடுப்பேன். லூசாக விட்டால்தான் ஆபத்து, இறுக்கினால் ஒன்றும் ஆகாது. இதற்கு மேல் என் மூளைக்கு எதுவும் எட்டியதில்லை.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். தவக்காலம். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் என் ஷெட்டில் சைக்கிளை நிறுத்தினாய். "ஹேண்டில்ல கிர்ரு கிர்ருன்னு ஒரு சத்தம்பா. ரெஞ்ச் வூட்ல கீது, ஞாயித்துக்கெழம பிரிச்சிப் பாக்கணும்," என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் பின்பக்கம் போனாய். நான் சும்மா இருந்திருக்கலாம். என் பெட்டியில் இருந்த ஆலன் கீயை, போல்ட் முடுக்கும் அந்த வளைந்த சாவியை, எடுத்தேன். அதன் வாலில் ஒரு முழ நீளப் பைப்பைச் செருகினேன். நாலு போல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கால் சுற்று இழுத்தேன்.

மூன்றாவது போல்ட்டில் கைக்குக் கீழே ஏதோ இளகியது. கெட்டியாக எதிர்த்துக்கொண்டிருந்தது, சட்டென்று வெண்ணெய் மாதிரி வழிவிட்டது. போல்ட் இழுத்துக்கொண்டது என்று எந்த ஃபிட்டருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. தெரிந்தும் சாவியை உருவிப் பெட்டியில் போட்டேன்.

நீ வந்து ஹேண்டிலை ஆட்டிப் பார்த்தாய். "அட, சத்தம் நின்னு போச்சே! இன்னா பண்ண?"

"சும்மா ரெண்டு முடுக்கு."

"அடப்பாவி, ரெஞ்ச் வச்சா முடுக்குன?"

"என் கையே ரெஞ்சுடா," என்றேன்.

சிரித்துக்கொண்டே ஏறிப் போனாய். உன்னிடம் நான் பேசிய கடைசி வார்த்தை அதுதான். நாக்கு அழுகிப் போயிருக்கலாம்.

மறுநாள் காலை ஆத்துப் பாலத்து இறக்கத்தில் விழுந்தாய். எந்த வண்டியும் மோதவில்லை, மாடு குறுக்கே வரவில்லை. தலையில் அடி, சாயங்காலம் சிலுவைப் பாதைக்குக் கோயில் மணி அடித்தபோது நீ இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது உனக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது என்று யாரோ சொன்னார்கள். மயக்கத்தில் விழுந்திருப்பான், விழுந்த வேகத்தில் ஹேண்டில் முறுக்கிக்கொண்டது என்று பேசி முடித்தார்கள். ஸ்டேஷனிலிருந்து சைக்கிளை எடுத்துவந்தவன் நான். மூன்றாவது போல்ட்டுக்குத் தலை இல்லை. மரைக்குள் மாட்டியிருந்த பாதியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டதும் பழி செலின் தலையில் போய் உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை ஒருசந்தி, ஒருவேளைதான் சாப்பிடணும் என்று உன்னைக் கட்டாயப்படுத்தியது அவள்தானாம். "மாத்திர போடுற மனுசன், ரெண்டு இட்லி துன்னுட்டுப் போன்னு சொல்லாம வுட்டுட்டேனே" என்று வருகிறவர்களிடமெல்லாம் அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு, சாப்பாட்டையும் குறைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக்கு மட்டும் இருந்த ஒருசந்தி அவளுக்கு இப்போது தினமும். நீ பார்த்தால் யாரோ என்பாய். வளையல் முழங்கை வரை ஏறுகிறது. ஒரு வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டும் நான் மூன்று வேளை சாப்பிட்டேன்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். உன் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்து, அந்தப் பாதி போல்ட்டை அவள் உள்ளங்கையில் வைத்தேன். "மயக்கமெல்லாம் இல்லம்மா. நீ ஒண்ணும் பண்ல. நான்தான். முந்தின நாளு அவன் சைக்கிள நான்தான் முடுக்குனேன். அதான் ஒடஞ்சிது."

போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "லூசா வுட்டுட்டீங்களாண்ணா?"

"இல்லம்மா, டைட்டா முடுக்குனேன். ரொம்ப டைட்டா."

"அப்ப எப்பிடிண்ணா ஒடயும்?"

சொல்லிப் பார்த்தேன். அளவுக்கு மேல் முடுக்கினால் இரும்பும் நீளும், நீண்டது ஒருநாள் அறும் என்று விரலை இழுத்துக் காட்டினேன். நீ எனக்குச் சொன்னதையெல்லாம் நான் அவளுக்குச் சொன்னேன். ரெஞ்ச் வந்த அன்றைக்கு நான் உன்னைப் பார்த்த மாதிரியே அவள் என்னைப் பார்த்தாள். பிறகு போல்ட்டை என் கையிலேயே வைத்து விரல்களை மூடினாள்.

"எனக்கோசரம் பழிய உங்க மேல போட்டுக்காதீங்கண்ணா. நீங்க முடுக்குனது கழலுமா? ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்களே. சாமியாரும் இப்பிடித்தான் மனசு ஆறட்டும்னு எதனா சொல்றாரு." அப்புறம்தான் உள்ளே போய் இந்த நீல டப்பாவை எடுத்துவந்தாள்.

எழுதுமுன் ரெஞ்சைத் திருகிப் பார்த்தேன் என்றேன் அல்லவா? ஐந்தில் வைத்துத்தான். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகுகிற பலம்கூட வேண்டியிருக்கவில்லை. இத்தனூண்டுதானா என்று இருந்தது. உன் உயிர் நிற்க இவ்வளவு போதுமாக இருந்திருக்கிறது. இதையும் சொல்லிவிடுகிறேன்: டக்கென்ற பிறகும் என் கை நிற்கவில்லை. தானாக இன்னும் கொஞ்சம் இழுத்தது. இந்தக் கையோடுதான் நாளைக்குக் கிருமாம்பாக்கத்தில் ஒருவருக்கு மோட்டார் இறக்கப் போகிறேன். அங்கே இந்த இழுப்பு வேண்டும், அதற்காக என்னைக் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பாதி போல்ட் சட்டைப் பையில்தான் இருக்கிறது. துணி துவைக்கப் போடும்போதெல்லாம் எடுத்து அடுத்த சட்டைக்கு மாற்றுகிறேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. நாங்கள் பேசிய பிறகாவது ஏதாவது மாறியிருக்குமா என்று காலையில் போன் செய்தேன். "டிபன் சாப்டியாம்மா?" என்றேன்.

"ஒருசந்திண்ணா," என்றாள் செலின். "நீங்க சாப்டீங்களா?"