வலைக்கு அடியில் ஒரு மீன் தலை

கேனின் மூடியைத் திருகியதும் நீ வந்துவிட்டாய்.

மீன் கழுவிய தண்ணீரின் வாடை. அதை நாற்றம் என்றால் உனக்குக் கோபம் வரும். "கவுச்சினு சொல்லு. நாத்தம்னு சொன்னா உனக்கு இனிமே கொழம்பு கெடையாது."

ஞாயிறு மதியம். மாடியில் வீட்டுக்கார மாமி தூங்கும் நேரம். மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கிறேன். பின்னால் சிறிய முற்றம், அதன் மூலையில் முழங்கால் உயரத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. அதற்குத்தான் இந்தத் தண்ணீர். கன்றைச் சுற்றி உன் அப்பாவின் கிழிந்த நைலான் வலை விரித்திருக்கிறது. வலையின் மேல் நம் நாய் நெத்திலி படுத்திருக்கிறாள். மூடி திறந்த சத்தத்துக்கு ஒரு காது மட்டும் எழுந்தது.

இது உனக்குத் தெரியாத வீடு. அதனால் எழுதுகிறேன்.

*

ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டை உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நாம் இருவரும் படிப்பு முடிந்ததும் வாடகைக்குப் பிடித்தது. எனக்கு ஜன்னல் பிடித்திருந்தது. உனக்கு, பின்னால் இருந்த மண்.

வேலைக்குப் போன பிறகும் ஞாயிறு காலைகளில் நீ நொச்சிக்குப்பத்துக்குப் போவாய். சாலையோரத்தில் உன் அம்மா மீன் விற்கும் இடத்தில் பக்கத்தில் உட்காருவாய். மதியம் திரும்பும்போது கையில் ஒரு வெள்ளைக் கேன் இருக்கும். பலகை கழுவிய தண்ணீர். முதல் முறை நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"இன்னாடி மூஞ்ச அப்டி வெச்சிக்கினுகீற? நாம மட்டும் ஞாயித்துக்கெழமைல மீன் துன்னலாம், செடி துன்னக் கூடாதா?"

நெத்திலி அந்தக் கேனின் பின்னால் வந்தவள். கடற்கரையிலிருந்து உன் பின்னாலேயே நடந்து வந்த குட்டி. விலா எலும்புகள் தெரிந்தன. "நெத்திலி மாரி கீது பாரு" என்றாய். அதுவே பெயரானது. பிறகு அவள் தின்று பருத்தாள். உன் அம்மா வரும்போதெல்லாம் சொல்வார்: "இதுவா நெத்திலி? வஞ்சிரம்னு மாத்துங்கடி பேர."

நீ ஊற்றிய இடத்தையெல்லாம் அவள் தோண்டினாள். ரோஜா போனது. தக்காளி போனது. கறிவேப்பிலை மட்டும் தப்பியது. நீ கத்தவில்லை. உன் அப்பாவிடம் கிழிந்த வலை ஒன்றை வாங்கிவந்து மண் மேல் விரித்தாய், ஓரங்களில் செங்கல் வைத்தாய். நெத்திலியின் நகம் கண்ணியில் மாட்டியது. காலை இழுத்துக்கொண்டு, அவமானப்பட்டவள்போல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அதன் மேலேயே படுத்துவிட்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரே காட்சி. நீ கேனைச் சாய்ப்பாய், அவள் வாயை நீட்டிக்கொண்டு வருவாள், நீ முழங்கையால் தள்ளுவாய். "இரு. மொதல்ல செடிக்கு. அப்பால உனக்கு." பிறகு ஒரு மத்தி.

நான் படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன். படிப்பதுபோல் இருப்பேன்.

*

காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தாய். சிக்னலில் நிற்கும்போது முதுகில் சாய்ந்து சொன்னாய்: "கேன அம்மாகிட்ட குடுத்துடு. ஞாயித்துக்கெழம நான் வாங்கிக்கறேன்."

இதற்கு மேல் எழுத வரவில்லை. வேண்டியதுமில்லை.

*

அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட்டார்கள். நாயோடு வரும் பெண்ணுக்கு வீடு கிடைக்காது என்றார்கள். கிடைத்தது. மாமி கண்ணாடிக்கு மேலாக நெத்திலியைப் பார்த்தார்.

"ஆத்துல மீன், முட்டை சமைக்கப்படாது. நாய் இருந்துட்டுப் போகட்டும். நேக்கும் மாடில தனியா பயமாத்தான் இருக்கு."

வீட்டை வீடாக்க நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். எல்லாவற்றையும் கழுவினேன். தரையை, தொட்டிகளை, நெத்திலியை. வலையைச் சோப்புத் தூளில் ஊறவைத்து அலசி, மடித்து, பரணில் வைத்தேன். நர்சரியிலிருந்து சுத்தமான மண்ணும் பூத்த செடிகளும் வந்தன. முற்றம் காலண்டர் படம்போல் இருந்தது. வீடு முழுக்க டெட்டால் வாசனை.

மறுநாள் காலை நெத்திலியைக் காணவில்லை.

பழைய வீட்டின் முன்னால் இருந்தாள். அங்கே இப்போது தகரத் தடுப்பு. லாரிகள் பின்னோக்கி வந்து போகும் இடத்தில் தடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கூட்டி வந்தேன். மறுபடியும் போனாள். கதவின் தாழ்ப்பாளை மூக்கால் தள்ளக் கற்றுக்கொண்டாள். கட்டிப்போட்டால் சாப்பிடவில்லை.

அவளைக் குறை சொல்ல முடியாது. அடையாறிலிருந்து அலுவலகம் முடிந்து வரும்போது என் ஸ்கூட்டரும் பழைய தெருவுக்குள்தான் திரும்பிக்கொண்டிருந்தது. பாதி தெரு போன பிறகு நினைவு வரும். அப்போதெல்லாம் வழி தவறியதாக இல்லாமல், வீட்டுக்கு வந்து கதவு திறக்காமல் போனதுபோல் இருக்கும்.

ஒருநாள் லாரிக்காரர் ஒருவர் பிரேக் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. நெத்திலிக்கு ஒன்றும் ஆகவில்லை. விஷயம் உன் அம்மாவின் காதுக்குப் போனது. போனில் பேசினார்.

"கண்ணு, சொல்றேன்னு தப்பா நென்ச்சிக்காத. அது கடக்காத்துல வளந்த நாயி. உன்கிட்ட நிக்காது. ஞாயித்துக்கெழம வந்து நான் இட்டுக்கினு போயிடறேன். எனுக்கும் வூட்ல அவ தொட்ட ஜீவன் ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்."

அவருக்கு என்னைவிட அதிக உரிமை இருந்தது. ஆனால் நெத்திலி போய்விட்டால், உன் குரலுக்குத் திரும்பிய காது ஒன்றுகூட என் வீட்டில் இருக்காது.

*

சனிக்கிழமை. மறுபடியும் அவளைத் தேடிப் போனேன். தகரத் தடுப்புக்கு வெளியே தெருவோரமாக மண்ணைக் கொட்டிவைத்திருந்தார்கள். நம் பின்பக்கத்து மண். கறுப்பாக, செதில் மின்னிக்கொண்டு. அதன் உச்சியில் ஒரு குழி தோண்டி நெத்திலி சுருண்டு படுத்திருந்தாள். சமீப நாட்களில் அவள் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

அவள் தோண்டிய குழியின் ஓரத்தில் உன் கறிவேப்பிலையின் வேர். இயந்திரம் மரத்தைப் பிடுங்கியிருக்கிறது. வேரில் ஒரு பக்கக்கன்று மட்டும் ஒட்டியிருந்தது. நான்கைந்து வாடிய இலைகள்.

வேலை செய்துகொண்டிருந்தவரிடம் கேட்டேன், மண் எடுத்துக்கொள்ளலாமா என்று. அவர் சிரித்தார். "எடுத்துக்கோ மேடம். லாரியும் சேத்து வேணும்னாலும் எடுத்துக்கோ."

சிமென்ட் சாக்கில் அள்ளி ஸ்கூட்டரின் முன்னால் வைத்தேன், அதன் மேல் கன்று. நெத்திலி கூப்பிடாமலே பின்னால் வந்தாள். மந்தைவெளி வரை மெதுவாக ஓட்டினேன். என்னையல்ல, சாக்கைத் தொடர்ந்து வந்தாள். பரவாயில்லை.

நர்சரிச் செடி ஒன்றைப் பெயர்த்து அந்த மண்ணைக் கொட்டினேன். நொச்சிக்குப்பத்துக்குப் போய் உன் அம்மாவிடம் கேன் நிறைய மீன் தண்ணீரையும், குழியில் போட ஒரு மீன் தலையையும் கேட்டேன். "நாளிக்கு வரேன்னு சொன்னேனே" என்றார். தலையை மட்டும் பெரியதாகப் பார்த்துக் கொடுத்தார்.

நட்டு முடித்துக் கை கழுவித் திரும்புவதற்குள் நெத்திலி கன்றைத் தோண்டி எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் பரணில் ஏறினேன். வலை சோப்பு மணத்துடன் இருந்தது. மீன் தண்ணீரில் முக்கி எடுத்தேன். தலையை இன்னும் ஆழமாகப் புதைத்து, கன்றைத் திரும்ப நட்டு, வலையை விரித்து, ஓரங்களில் செங்கல் வைத்தேன். நெத்திலி காலை வைத்தாள். நகம் மாட்டியது. இழுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், அதே அவமானத்துடன். வலையை முகர்ந்தாள், நெடுநேரம். பிறகு படுத்தாள்.

மாமி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இறங்கி வந்தார்.

"என்னடி இது?"

"சமைக்கலை மாமி. செடிக்கு ஊத்தினேன். மீன் கழுவின தண்ணி."

நாயைப் பார்த்தார். கன்றைப் பார்த்தார். "செடி என்ன சாப்பிடறதுன்னு நான் கேக்கல. விளக்கேத்தற நேரத்துல மட்டும் ஊத்தாதே. மத்தியானம் நான் தூங்கிண்டிருப்பேன்."

மறுநாள் உன் அம்மா கயிற்றோடு வந்தார். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு முற்றத்துக்கு வந்தார். நெத்திலி வாலை ஆட்டினாள், எழுந்து போய் அவர் கையை நக்கினாள், திரும்பி வந்து வலை மேல் படுத்தாள். திறந்த கதவைப் பார்த்தாள். போகவில்லை.

"கீய இன்னா கீது?" என்றார்.

"நீங்க குடுத்த தலை."

உன் அம்மா சிரித்தார். நீ போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. "அத வுட்டுட்டு எங்க போவும் வஞ்சிரம்?" குத்துக்காலிட்டு உட்கார்ந்து வலையின் கிழிசலில் விரலை விட்டுப் பார்த்தார். தேநீர் குடித்தார். போகும்போது கயிற்றை என் கையில் கொடுத்தார். "செடி வளந்தா கட்டறதுக்கு ஆவும்."

நெத்திலி தங்கியது என் மேல் உள்ள பிரியத்தாலா? எனக்கு அந்த மயக்கம் இல்லை. எடுக்க முடியாத ஒன்று அடியில் இருக்கிறது. அதன் மேல் படுத்துக்கொள்ளலாம், வெயிலும் நன்றாக வருகிறது. ஒரு வீட்டுக்கு அது போதும் என்று தோன்றுகிறது.

*

கன்று துளிர்த்துவிட்டது. போன வாரம் மாமி ரசத்துக்கு இரண்டு ஈர்க்கு கேட்டார். "மாமி, அந்தத் தண்ணி..." என்றேன். "தெரியும். நன்னா அலம்பிக்கறேன்."

இன்று பட்டினப்பாக்கம் வழியாகக் கேனோடு வந்தேன். நம் தெருமுனை எப்போது கடந்தது என்று தெரியவில்லை. இங்கே வண்டியை நிறுத்தி, தாழ்ப்பாளைத் தள்ளிய பிறகுதான் கவனித்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். வருத்தமாக இருக்கும் என்று காத்திருந்தேன். கேன் கனத்தது. உள்ளே வந்தேன்.

இப்போது மூடி திறந்திருக்கிறது. நெத்திலி எழுந்து வாயை நீட்டிக்கொண்டு வருகிறாள். முழங்கையால் தள்ளுகிறேன். நான் வளர்ந்த வீட்டில் இப்படி யாரும் பேச மாட்டார்கள். என் வாயில் அது தானாகவே வருகிறது.

"இரு. மொதல்ல செடிக்கு. அப்பால உனக்கு."

இரண்டு காதுகளும் எழுகின்றன.