மூன்றாவது டப்பா

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை நீ சொல்லி நான் நம்புவதாக இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம். தங்கை இந்த முறையும் டிரைவிங் டெஸ்டில் கோட்டை விட்டுவிட்டாள், வண்டியைவிட அவள் வாய்தான் வேகமாக ஓடுகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. மூன்று மாதத்தில் நீ மூன்றாவது டப்பா களிம்பு கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை, பையனுக்கு நம் வீட்டுக் களிம்பு என்றால் உயிர் என்று தையல்கடைக்காரரிடம் பெருமையடித்துவிட்டு வந்தார். ஆனால் விரலிடுக்கில் சிவந்திருக்கிறது, சோப்பு பட்டால் எரிகிறது என்று நீ சொன்ன அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. இருபது வருஷமாகக் களிம்பு காய்ச்சி விற்கிறேன், எத்தனை பேர் கைப்புண்ணைப் பார்த்திருக்கிறேன். மெக்கானிக்குக்கு நகக்கண் வெடிக்கும், நாளெல்லாம் பாத்திரம் கழுவுகிறவர்களுக்குத்தான் இடுக்கில் புண்ணாகும். ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டுகிறவனுக்கு அங்கே ஏன் எரிகிறது?

ஆபீஸ் வேலை எப்போது போனது, ஏன் போனது என்று நான் துருவமாட்டேன், உனக்குத் தோன்றும்போது சொல். பாத்திரம் கழுவுவது கேவலம் என்று இந்த வீட்டில் யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லையே. உண்மையைச் சொன்னால் நான் அழுதேன், வேலைக்காக இல்லை, அந்த எரிச்சலோடு வாராவாரம் என்னிடம் சிரித்துச் சிரித்துப் பேசினாயே, அதற்காக.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த டப்பாவில் கற்றாழையைக் கூட்டி, தேன்மெழுகைச் சற்று அதிகமாகப் போட்டுக் காய்ச்சியிருக்கிறேன். மஞ்சளைக் குறைத்துவிட்டேன், வெள்ளைத் தட்டில் கறை ஒட்டினால் முதலாளி உன்னைத்தான் பிடிப்பார். வேலை முடிந்ததும் வெறும் தண்ணீரில் கழுவி, இடுக்கில் ஈரமில்லாமல் ஒற்றி எடுத்துவிட்டுத் தடவு. ரப்பர் கையுறைக்குள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொள். பத்து நாளில் சிவப்பு அடங்கும், என் கைப்பக்குவம் எனக்குத் தெரியும். ஆனால் வெடிப்பில் சீழ் தெரிந்தால் களிம்பைத் தொடாதே, டாக்டரிடம் போ. களிம்பு செய்கிறவளே சொல்கிறேன், கேட்டுக்கொள்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை, அதை நீதான் சொல்ல வேண்டும். கொஞ்சம் முறைப்பார், அப்புறம் கையுறை வாங்க அவரே கடைக்குக் கிளம்பிவிடுவார். நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் வீடியோ காலில் வா. உன் முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன், முதலில் இரண்டு கையையும் விரித்துக் காட்டு.

இப்படிக்கு,
உன்மேல் கோபமே இல்லாத
அம்மா